பாட்டம் என்று தேடினால் என்ன கிடைக்க வேண்டும்?

கேள்வி இது. கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாயனசாலை, அதாவது வாசகசாலை. அங்கே மாலை நேரத்தில் உதவி செய்யும் எம்.ஏ. தமிழ் மாணவி கேட்கிறார்: “எங்கள் வாயனசாலையில் உள்ள பழைய தமிழ், மலையாளப் புத்தகங்களையும், ஊர் வீடுகளிலிருந்து வந்த கணக்கு, கடிதக் கட்டுகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப் போகிறோம். இதை மின்னூலகம் என்கிறார்கள். கருத்தரங்குகளில் எண்ணிம மானுடப் புலம் என்று வேறொன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் ஒன்றா? முதலில் நூலகத்தை முடித்துவிட்டு, ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?”

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நூலகத்தை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகலாம் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஸ்கேன் செய்த ஒரு தாளுக்குப் பெயர் வைத்து, ‘மொழி’ என்ற கட்டத்தில் ‘தமிழ்’ என்று நிரப்புகிறீர்களே, அந்த நொடியிலேயே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அங்கே நீங்கள் எழுதியதைத்தான் இருபது ஆண்டு கழித்து ஒருவர் தேடிக் கண்டடைவார். எழுதாமல் விட்டது அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லாதது. நம்மைப் போல எல்லையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் இந்தத் துறையில் வேறில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் வேலை பார்த்தவன், வேலந்தாவளத்துக்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சொற்களை முதலில் தெளிவு செய்துகொள்வோம். மின்னூலகம் சேர்க்கும், காக்கும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கும். நூலகம் என்றைக்கும் செய்துவந்த வேலைதான். தாளுக்குப் பதில் கோப்பு. இலக்கியம், வரலாறு, மொழி பற்றிய கேள்விகளைக் கணினியின் துணையோடு கேட்டுப் பார்ப்பது எண்ணிம மானுடப் புலம். சிலர் இதை ‘எண்ணிம மானுடவியல்’ என்று எழுதுகிறார்கள். மானுடவியல் என்ற பெயரில் ஏற்கெனவே வேறொரு துறை இருப்பதால் அந்தச் சொல்லை நான் தவிர்க்கிறேன்.

இந்த இரண்டும் தனித்தனி ஊற்றுகளில் பிறந்தவை. ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய யேசு சபைப் பாதிரியார், புனித தாமஸ் அக்வினாசின் எழுத்துகளில் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று பட்டியல் போட விரும்பினார். 1949-இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். துளையட்டை எந்திரங்கள் கிடைத்தன. கல்லராத்தே என்ற ஊரில் இளம்பெண்கள் பலர் உட்கார்ந்து சொல் சொல்லாக அட்டையில் துளையிட்டார்கள். அந்த வேலை 1974-இல் அச்சேறத் தொடங்கி 1980-இல் 56 தொகுதிகளாக முடிந்தது. எண்ணிம மானுடப் புலத்தின் தொடக்கக் கதை என்று எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

நமக்கு இன்னொரு கதை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1962-இல் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம் புறநானூற்றுக்கு ஒரு சொல்லடைவு வெளியிட்டது. தொகுத்தவர் வ.அய். சுப்பிரமணியம், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர். ஒவ்வொரு சொல்லையும் துண்டுச் சீட்டில் எழுதி, பாட்டு எண்ணும் அடி எண்ணும் குறித்து, அகர வரிசையில் அடுக்குவதுதான் அந்தக் காலத்துச் சொல்லடைவு வேலை. அதே பல்கலைக்கழகத்தைச் சுற்றி மற்றச் சங்க நூல்களுக்கும் இலக்கணமும் சொல்லடைவும் வந்தன. இன்றைக்கு ஒரு கோப்பைத் திறந்து ஒரு சொல்லைத் தேடினால் எல்லா இடங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன அல்லவா? அந்தப் பட்டியலைக் கையால் செய்தவர்கள் கேரளத்தில் இருந்த தமிழ்த் துறைக்காரர்கள். எண்ணிம மானுடப் புலம் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுச் சரக்கு என்று யாராவது சொன்னால், இந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வையுங்கள்.

நூலகப் பக்கத்துக் கதை வேறு. 1971-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவர் சுதந்திரப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினார். குட்டன்பர்க் திட்டம் அப்படித் தொடங்கியது. தமிழில் அதற்கு இணையான மதுரைத் திட்டத்தை 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். ஒருங்குறி (யூனிகோட்) பரவாத காலம் அது. ஒருவர் கணினியில் அடித்தது இன்னொருவர் கணினியில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். அந்த நிலையில் சங்க இலக்கியத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களை நான் கைகூப்பித்தான் நினைக்கிறேன்.

ஆனால் ஆராய்ச்சிக்காரர் கேட்பதும் நூலகம் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமலே வெகுகாலம் போயிற்று. வெறும் எழுத்துக் கோப்பைக் கொடுத்தால், “இது எந்தப் பதிப்பு? உ.வே.சா. பதிப்பா, வேறா? பாடபேதம் எங்கே?” என்று அவர் கேட்பார். பக்கத்தின் படத்தைக் கொடுத்தால், “இதில் சொல்லைத் தேட முடியவில்லையே” என்பார். இரண்டும் நியாயமான குறை. 1987-இல் அமெரிக்காவில் ஒரு கூட்டத்தில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, ஒரு பனுவலில் எது தலைப்பு, எது அடி, எது பதிப்பாசிரியர் சேர்த்தது, எது பாடபேதம் என்று குறியிட்டு வைக்கப் பொதுவான முறை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதுதான் டி.ஈ.ஐ. என்ற குறியீட்டு முறை. நூலகமும் ஆராய்ச்சியும் ஒரே கோப்பைப் பார்த்துப் பேச முடிந்தது அதற்குப் பிறகுதான்.

2004-ஐ நான் முக்கியமான ஆண்டாக நினைக்கிறேன். இந்தத் துறைக்கு இப்போது உலகம் வழங்கும் ‘டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்’ என்ற பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு பெரிய கையேடு அந்த ஆண்டு வந்தது, பெயர் ஊன்றியது. அதே ஆண்டு கூகுள் நிறுவனம் பெரும் பல்கலைக்கழக நூலகங்களின் புத்தகங்களை ஸ்கேன் செய்யும் திட்டத்தை அறிவித்தது. 2008-இல் அந்த நூலகங்கள் தங்கள் கோப்புகளைத் தாங்களே காக்க ஹாதி டிரஸ்ட் என்ற கூட்டு மின்னூலகத்தை அமைத்தன. 2010-இல், ஒரு சொல் எந்தெந்த ஆண்டு எவ்வளவு புழங்கியது என்று கோடு வரைந்து காட்டும் கருவியை கூகுள் திறந்துவிட்டது. அதுவரை ‘எந்தப் புத்தகம் வேண்டும்?’ என்று கேட்ட நூலகம், ‘இந்த இலட்சம் புத்தகத்தையும் சேர்த்து ஒரே கேள்வி கேட்க வேண்டுமா?’ என்று கேட்கத் தொடங்கியது. உறவு தலைகீழாக மாறிய இடம் அது. அந்தக் கருவியில் தமிழ் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் இல்லை என்று யோசித்தால்தான் நம் வேலை விளங்கும். அதற்கு எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரே ஒரு வரியைக் காட்டுகிறேன்.

என் தாத்தா வைத்திருந்த கணக்கு. நீளவாக்கில் மடித்துத் தைத்த தாள், மங்கிய நீல மை. மேலே ஆண்டு ‘௲௱௩’ என்று போட்டிருக்கிறது. கீழே ஒரு வரி: ‘கீழைக் கண்டம் பாட்டம் நெல்லு பறை ௭௰௮’. அவ்வளவுதான். எழுத்து தமிழ். மொழி? படித்துப் பாருங்கள்.

சென்னையிலிருக்கும் ஒருவருக்குக் கண்டம் என்றால் ஆசியா, ஆப்பிரிக்கா. பாட்டம் என்றால் ஒரு பாட்டம் மழை. நம் பக்கத்தில் கண்டம் என்பது வரப்பு கட்டிய ஒரு நெல்வயல். பாட்டம் என்பது குத்தகை நெல். பறை என்பது நெல் அளக்கும் ஓர் அளவை. மலையாளத்தில் அன்றாடச் சொற்கள். பழந்தமிழுக்கும் பாட்டம் அந்நியமில்லை. பேரகராதியைப் புரட்டினால் வரி, குத்தகை என்ற பொருள்கள் அங்கே கிடக்கின்றன. ஆக இது மலையாளச் சொல்லைத் தமிழில் எழுதியதா, தமிழ்ச் சொல் எங்கள் பக்கத்தில் மட்டும் சாகாமல் இருந்ததா? தாத்தாவுக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவர் பேசிய பேச்சு அது.

அடுத்து எண். ‘௭௰௮’ என்பது ஏழு, பத்து, எட்டு; எழுபத்தெட்டுப் பறை. தமிழ் எண்களின் வடிவமும் எழுத்துகளின் வடிவமும் ஒட்டிப் பிறந்தவை: ஒன்று ‘க’ போல, இரண்டு ‘உ’ போல, ஏழு ‘எ’ போல, எட்டு ‘அ’ போல, பத்து ‘ய’ போல. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் இதை ‘எயஅ’ என்று படித்துவிடும். அதற்கு அது ஏதோ ஒரு சொல். எழுபத்தெட்டுப் பறை நெல் அந்த இடத்தில் காணாமல் போகும். மா, காணி, அரைக்கால், வீசம் என்ற பின்னங்களின் குறிகளோ இன்னும் சிக்கல். அவற்றுக்கு ஒருங்குறியில் இடம் கிடைத்ததே 2019-இல்தான். அதற்கு முன்னால் இந்தக் கணக்கை உள்ளது உள்ளபடி கணினியில் அடிக்க வழியே இல்லை. பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றின் பழைய குறிகள் அதற்கு முன்பே ஏறிவிட்டன. ஆனால் எல்லா எழுத்துருவிலும் அவை ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஆண்டு. ‘௲௱௩’ என்பது ஆயிரத்து நூற்று மூன்று, கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு. 1103-ஐ அப்படியே ஆண்டுக் கட்டத்தில் நிரப்பிவிட்டால் தாத்தா சோழர் காலத்துக்குப் போய்விடுவார். கொல்லம் 1103 என்பது 1927 ஆகஸ்டு வாக்கில் தொடங்கி 1928-இல் முடிகிறது. ஒரே எண்ணைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மாதம் தெரியாமல் 824-ஐக் கூட்டுவதா, 825-ஐக் கூட்டுவதா என்று சொல்ல முடியாது. போதாததற்குத் தெற்கே சிங்ஙத்தில் (ஆவணியில்) ஆண்டு பிறக்கும், வடக்கே கன்னியில் (புரட்டாசியில்) பிறக்கும். எங்கள் பாட்டி “தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தி” என்று காலம் சொல்வார். அது 1099, அதாவது 1924 ஜூலைப் பெருவெள்ளம். அதனால் தாளில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்திலும், ‘1927–28’ என்று இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுதக் கூடாது.

இனி அந்த மொழிக் கட்டத்துக்கு வருவோம். ஸ்கேன் திட்டங்களில் வரும் படிவத்தைத் திறந்தால் ‘மொழி’ என்று ஒரு கட்டம், அதில் கீழே விழும் பட்டியல், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தமிழ் என்று போட்டால் கேரள வேளாண் வரலாறு ஆராய்பவர் இதைப் பார்க்க மாட்டார். மலையாளம் என்று போட்டால் தமிழ்க்காரர் பார்க்க மாட்டார். மலையாளக்காரர் திறந்து பார்த்து, எழுத்து புரியாமல் மூடிவிடுவார். அந்த ஒற்றைக் கட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்ட மாநில எல்லையை 1927-இல் எழுதிய கணக்கின் நடுவே கொண்டுபோய் இழுக்கிறது. அந்த எல்லையே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட தாளுக்கு நாம் அதைக் கட்டுகிறோம்.

விதி அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். 1995-இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் தொடங்கிய டப்ளின் கோர் என்ற முறையின் 15 விவரக் கூறுகளைத்தான் பெரும்பாலான மின்னூலகங்கள் பின்பற்றுகின்றன. அந்தப் பதினைந்தில் எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம். மொழியை இரண்டு முறை எழுதலாம், மூன்று முறையும் எழுதலாம். நூலகர்களின் பழைய மார்க் முறையிலும் பல மொழி குறிக்கத் தனிப் புலம் உண்டு. படிவத்தைச் செய்தவர் சுருக்கமாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான். உங்கள் படிவத்தில் மொழிக் கட்டத்தைத் திரும்ப வரும்படி செய்யச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, எழுத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். மொழி வேறு, எழுத்து வேறு. தமிழ் எழுத்தில் மலையாளம், மலையாள எழுத்தில் தமிழ், கிரந்தத்தில் சமஸ்கிருதம், அரபு எழுத்தில் தமிழ், எல்லாம் இந்த மண்ணில் இருந்தன.

இது எல்லைக்காரனின் தனிக் கவலை என்று நினைக்க வேண்டாம். இந்திய மண்ணில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சானது. தமிழாக்கியவர் போர்ச்சுக்கீசியரான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார். அதன் பிரதி இன்று இருப்பது ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில். அடுத்த ஆண்டு இன்னொரு தமிழ்ப் புத்தகம் கொச்சியில் அச்சானது. இடம் கேரளம், மொழி தமிழ், இருப்பது அமெரிக்கா. இன்னொன்று: பாசனின் சமஸ்கிருத நாடகச் சுவடிகள் 1909-இல் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து மணலிக்கரை மடத்தில் த. கணபதி சாஸ்திரியின் கையில் கிடைத்தன. மொழி சமஸ்கிருதம், எழுத்து மலையாளம். கிடைத்த இடம் அன்று திருவிதாங்கூர், இன்று தமிழ்நாடு. ஆந்திர எல்லைக்குப் போனாலும் இதே கதைதான்: திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். ‘ஆந்திரம்’ என்றும் ‘தெலுங்கு’ என்றும் வடிகட்டித் தேடுபவருக்கு அவை அகப்படுமா? ஆகவே இடத்தையும் இரண்டு கட்டமாகப் பிரியுங்கள்: எழுதப்பட்ட காலத்தில் எந்த நாடு, இன்று எந்த மாவட்டம். நம் சித்தூர் அன்று கொச்சி ராஜ்யம். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது என்பதை மறந்து வெறும் ‘சித்தூர்’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய பட்டியல்களை நானே திருத்தியிருக்கிறேன்.

தமிழில் இப்போது என்னென்ன இருக்கின்றன என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்தால் போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவான சென்னை ஆராய்ச்சி நூலகம், அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் பெரும் புதையல். 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கிறது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் போன துயரத்தை அறிந்தவர்கள், நோட்டீசையும் பிரசுரத்தையும்கூட விடாமல் எடுத்து வைக்கிறார்கள். அந்த அக்கறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உங்களுக்குத் தெரிந்ததே. பேரகராதி முதலான அகராதிகள் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கின்றன. மலையாளத்துக்கு, மலையாள அகராதி செய்த ஹெர்மன் குண்டர்ட்டின் சேகரிப்பை ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் 2018-இல் திறந்துவிட்டது. எல்லைக்காரர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இவற்றில் உங்களுக்குப் பயிற்சிக் களமாக நான் சொல்வது விக்கிமூலம். அங்கே பக்கத்தின் படம் ஒரு புறம், அதன் எழுத்து மறுபுறம். எழுத்துணரி படித்ததை ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார், இன்னொருவர் சரிபார்ப்பார், பக்கத்தின் நிறம் மாறும். யார் எப்போது எதை மாற்றினார் என்பது அப்படியே நிற்கும். நாட்டுடைமையான நூல்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்திருப்பதால் உரிமைச் சிக்கலும் இல்லை. நூலகமும் ஆராய்ச்சியும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய் நாளைக்கு ஐந்து பக்கம் திருத்துங்கள். ஒரு மாதத்தில் உங்கள் கண் மாறிவிடும்.

எழுத்துணரியின் பிழை எங்கே வரும் என்பதும் அப்போது பிடிபடும். காலும் ரகரமும் குழம்பும். 1978-க்கு முந்திய தமிழ் அச்சில் லை, ணை, னை என்பவை வளைந்த கொம்போடு வேறு வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா தனி வடிவம். புதிய அச்சில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். மலையாளமும் 1971-இல் எழுத்தைச் சீர்திருத்திக்கொண்டது. ஆக, நம் வாயனசாலை அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்கள் இரண்டு மொழியிலும் பழைய எழுத்தில் இருக்கின்றன. இரண்டு பழைய எழுத்தையும் தயங்காமல் படிக்கும் முதியவர்கள் நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்காத செல்வம் அது.

இன்னொரு நுட்பம். ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் ககரத்தோடு ஒற்றைக் குறியாகவும் சேர்க்கலாம், முன்னும் பின்னும் இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும் கருவிக்கு வெவ்வேறாகப் போகலாம். ‘கொல்லம்’ என்று தேடிப் பாதிதான் வந்தது என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். ஏற்றும் முன் எல்லாக் கோப்பையும் ஒரே முறைக்குக் கொண்டுவரச் சிறு நிரல் போதும்.

இப்போது எந்திரக் கற்றல் மென்பொருள்கள் கையெழுத்தையும் படிக்கின்றன. ஐரோப்பியச் சுவடிகளில் தொடங்கிய டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கருவிகளுக்கு நாமே மாதிரி கொடுத்துப் பழக்கலாம். நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஓர் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தக் கருவிகள் அதிகம் பார்த்த சொல்லை நோக்கிச் சாயும். ‘பாட்டம்’ என்று சரியாக இருப்பதைப் ‘பட்டம்’ என்றோ ‘பாடம்’ என்றோ திருத்திவிட்டு, பிழையற்ற அழகான தமிழ் வாக்கியத்தைக் கொடுக்கும். பழைய எழுத்துணரியின் பிழை கண்ணில் உறுத்தும். இதன் பிழை உறுத்தாது. எல்லைப் பேச்சின் சொற்கள்தான் முதலில் அடிபடும், ஏனென்றால் இணையத்தில் அவை அரிது. அரிதாக இருப்பதற்குக் காரணம், நாம் இன்னும் ஏற்றவில்லை. நீங்கள் சரியாக ஏற்றும் ஒவ்வொரு பக்கமும் அந்தக் கருவிகளுக்கும் பாடமாகப் போகும். மின்னூலகம் இப்போது ஆராய்ச்சிக்கு மட்டுமன்றி எந்திரங்கள் தமிழ் கற்கும் பள்ளிக்கூடமாகவும் ஆகிவிட்டது. இந்த உறவில் அண்மையில் நடந்த பெரிய மாற்றம் இதுதான்.

அதனால், எந்திரம் படித்தது, மனிதர் திருத்தியது, படம் என்ற மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தியவர் ‘பாட்டம்: குத்தகை நெல்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் அதற்கும் இடம் இருக்கட்டும். பிற்பாடு ஓர் ஆராய்ச்சியாளர் வந்து குத்தகை என்று தேடும்போது இந்தத் தாளும் எழுந்து வர வேண்டும். அவர் ஒரு பிழையைக் கண்டால் அந்தத் திருத்தம் உங்கள் பட்டியலுக்குத் திரும்பி வர வேண்டும். நூலகம் கொடுத்தது, ஆராய்ச்சி வாங்கிக்கொண்டு போனது என்று ஒருவழிப் பாதையாக இருந்த காலம் நமக்கு நிறைய நட்டம் செய்திருக்கிறது. அருமையான ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் எத்தனையோ ஊர்ப்பெயர் விளக்கங்களும் ஆண்டுத் திருத்தங்களும் கிடக்கின்றன; அவை எந்த நூலகப் பட்டியலுக்கும் போய்ச் சேரவில்லை.

ஒரு பழைய வருத்தத்தையும் சொல்கிறேன். பல ஆண்டுக்கு முன் ஒரு குழு எங்கள் ஊர்ப்பக்கம் வந்து வீடு வீடாக ஏடும் கணக்கும் வாங்கிப் படம் எடுத்தது. நல்ல மனிதர்கள், சாப்பாடு போட்டு உபசரித்தோம். படங்களைப் பதித்த குறுவட்டைக் கொண்டுபோனார்கள், ஒரு பிரதிகூட ஊருக்குத் திரும்பவில்லை. திட்டம் முடிந்ததும் தளமும் நின்றுபோனது. அதில் சில வீடுகளின் மூலத்தாள்கள் அடுத்த மழைக்காலத்தில் கரையானுக்குப் போயின. அந்தப் படங்கள் எங்கேனும் இருக்கின்றனவா என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரிய திட்டங்களுக்கும் இது நேரும். ஆந்திரத்தின் காளத்திக்குப் பக்கத்து காட்டூரில் பிறந்து, கிண்டியில் படித்து, அமெரிக்காவில் பேராசிரியரான ராஜ் ரெட்டியின் பத்து இலட்சம் நூல் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த இந்திய மின்னூலகத்தின் தளமும் ஒரு கட்டத்தில் திறக்காமல் போயிற்று. நல்ல வேளை, அதிலிருந்த நூல்களில் பெரும் எண்ணிக்கை இன்டர்நெட் ஆர்க்கைவில் படியெடுக்கப்பட்டிருந்தது. அங்கே போய்த் தமிழ் நூல்களைத் தேடிப் பாருங்கள்: ஆங்கில எழுத்தில் தாறுமாறாகத் தட்டிய தலைப்புகள், மாறிப்போன ஆசிரியர் பெயர்கள். புத்தகம் இருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. பட்டியல் வேலையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். உங்கள் கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள்: வாயனசாலையில் ஒன்று, வெளியூரில் ஒன்று, இணையத்தில் ஒன்று. கொடுத்த வீட்டுக்கும் ஒரு பிரதி கட்டாயம் போக வேண்டும்.

உரிமை பற்றி இரண்டு வரி. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும் வரை அச்சு நூலை அனுமதியின்றி ஏற்றக் கூடாது. நாட்டுடைமை நூல்களுக்கு இந்தத் தடை இல்லை. வீட்டுக் கடிதங்கள் சட்டத்துக்கு முன் மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. கடன், வழக்கு, சாதிப் பூசல் எல்லாம் அதில் இருக்கும். கொடுத்தவர்களிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அவர்கள் வேண்டாம் என்பதை மூடி வையுங்கள்.

நம் வாயனசாலைகள் சும்மா வந்தவை அல்ல. 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை அமைத்தார். பின்னர் அது கேரளம் முழுவதும் வளர்ந்தது. அவர் நினைவு நாளான ஜூன் 19-இல் இன்றும் வாசிப்பு நாள் கொண்டாடுகிறோம். தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் அந்த இடத்தில்தான் இரண்டு மொழிக் கட்டம் உள்ள பட்டியல் பிறக்க முடியும். தலைநகரங்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தோன்றாது.

அம்மணி, கடைசியாக ஒன்று, இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கும் முன். ஊரிலிருந்து வந்த தாள்கட்டுகளை உடனே அவிழ்த்து, தேதி வாரியாகப் பிரித்துவிடாதீர்கள். கட்டியிருக்கும் கயிற்றோடும் முடிச்சோடும் முதலில் ஒரு படம் எடுங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தின் மூலையில் மென்மையான பென்சிலால் எண் போடுங்கள். எங்கள் வீட்டுக் கட்டில் அந்த நெல் கணக்குக்கு அடுத்த தாள் கோயம்புத்தூர் மருத்துவமனை ரசீது. அதற்கு அடுத்து ஒரு கடன் பத்திரம். நான் அன்றைக்கு ஆர்வத்தில் அவற்றை வகை வகையாகப் பிரித்து வேறு வேறு உறைகளில் போட்டுவிட்டேன். எழுபத்தெட்டுப் பறை நெல் யாருடைய வைத்தியத்துக்காக விற்கப்பட்டது என்பதை அந்த மூன்று தாளின் வரிசைதான் சொல்லியிருக்கும்.